எங்கள் என்னுஞ் சொல்: பள்ளி ஜெபத்தைக் குறித்து ஒரு பாடம்

கிறிஸ்துநாதர் தம் சீஷருக்குக் கற்பித்த ஜெபத்தில் நான் என்றாவது எனக்கு என்றாவது ஒரு சொல்லும் வாராது. இதனை நம்மிற் பலர் அறிவோம். ஆயினும் அந்த ஜெபம் தமிழில் வழங்கும்போது அடையும் ஒரு நுட்பத்தை, நாடோறும் அதனைச் சொல்லும் மாணாக்கரும் கவனித்திரார். கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் தன்மைப் பன்மைக்கு வடிவம் ஒன்றே. தமிழிலோ நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு உண்டு. கேட்பவரையும் உளப்படுத்துவது நாம். அவரை நீக்கி நிற்பது நாங்கள். பின்னாளில் அத்தியட்சராக உயர்ந்த கால்டுவெல், 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் இவ்வியல்பை ஆராய்ந்திருக்கின்றார். ஆகவே அந்த ஜெபத்தைத் தமிழாக்கியோர் இவ்விரண்டினுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியவராயினர். ஜெபம் தேவனை நோக்கிச் சொல்லப்படுவதாதலின், எங்கள் என்பதே பொருந்திற்று.

அச்சொல் கேட்பவரைத்தான் நீக்குகின்றது. அருகில் நிற்பவரையும் நீக்குமோ? பெரணமல்லூரை ஒத்த ஊர்களிற் பள்ளிக்கூட வரிசையில் நிற்போர் யாவரென எண்ணிப் பாருங்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலர். இந்துப் பிள்ளைகள் பலர். முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. இப்பகுதியிற் பன்னெடுங் காலமாக வாழும் தமிழ்ச் சமணர் வீட்டுப் பிள்ளைகளும் இருத்தல் கூடும். உபாத்தியாயர் எங்கள் என்று தொடங்குங்கால் அவர் மனத்தினுள் எத்தனை பேர் நிற்கின்றனர்?

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்ற வகை இங்கே நினைக்கத்தக்கது. உள்ளூர் உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தும்படி வேண்டி, சிறுவர்களோடு தாமுந் தரையிலமர்ந்து, மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். கற்பிக்க வந்தவர் முதலிற் பிள்ளைகளின் வரிசையில் ஒருவரானார். அவருடைய எங்கள் என்னுஞ் சொல்லுக்கு அந்த மணற்பரப்பே சான்று.

இப்பகுதிக்கு 1853-ஆம் ஆண்டில் ஆற்காடு மிஷன் வந்தது. ஸ்கட்டர் குடும்பத்துச் சகோதரர்கள் அதனை நிறுவினர். ஆரணியும் அதன் ஊழிய நிலையங்களுள் ஒன்றாயிற்று. அம்மிஷனைச் சேர்ந்த வேலூர் ஊரீசுக் கலாசாலையிற் பயின்றவர்களுள் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். கிறிஸ்தவ விமரிசகர்கள் விடுத்த அறைகூவலே இந்து சமயத்தை ஆழ்ந்து கற்கத் தம்மைத் தூண்டியது என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். இதனை மிஷன் கல்வியின் தோல்வி என்பாரும் உளர். அடியேன் அவ்வாறு எண்ணேன். தன் முன்னோர் வழியை ஒருவன் உண்மையாய்த் தேடும்படி செய்த கலாசாலை, அவனை உறங்கவிட்ட கலாசாலையினும் நல்லதே.

இக்காலத்திற் சட்டமும் இதனைக் காக்கின்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 28-ஆம் பிரிவு, அரசின் ஏற்போ பொருளுதவியோ பெற்ற கல்விச்சாலையில், இசைவின்றி ஒருவரையும் ஆராதனையிற் பங்குகொள்ளச் செய்யலாகாது என்கின்றது. இளையோர்க்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவு வேண்டும். 1986-இல் கேரளத்துக் கிறிஸ்தவப் பிரிவொன்றைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் பாடுகையில் மரியாதையுடன் எழுந்து நின்றும் வாய்திறவாதிருந்தமைக்காகப் பள்ளியினின்று நீக்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் அப்பிள்ளைகளின் மௌனத்திற்குத் துணை நின்றது. நம் பிள்ளைகளின் மௌனத்தைப் பிறர் மதிக்க வேண்டுமெனக் கேட்கும் நாம், நம் வரிசையில் வாய்திறவாது நிற்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளல் எங்ஙனம்?

இனி, ஊரைப் பார்ப்போம். பெரணமல்லூர் ஆரணியைச் சார்ந்த பட்டு நெசவூர். தனித்து ஜெபிக்க விரும்புவோன் தன் அறைவீட்டுக்குள் சென்று கதவைப் பூட்டிக்கொள்ளுமாறு ஆண்டவர் சொன்னார். நெசவாளர் இல்லத்தில் அவ்வறை எங்கே? தறியும் தறிக்குழியும் வீட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். மீதியில் அடுப்பும் பாயும் இராட்டையும். பூட்டுதற்குரிய கதவு தெருக்கதவு ஒன்றே. அத்தகைய வீட்டினின்று வரும் பிள்ளைக்குக் காலைக் கூட்டத்தின் இரண்டு நிமிட அமைதியே அறைவீடு. அவ்வமைதியை அறிவிப்புகளாலும் அதட்டுதலாலும் நிரப்புதல் அப்பிள்ளையின் அறையைப் பறித்தலாகும்.

கரை வேறு நிறம், உடல் வேறு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலைக்குக் கைத்தறியில் இருவர் வேண்டும். ஒருவர் நெய்ய, அருகிருந்து மற்றொருவர் கரை நாடாவைச் செலுத்துவார். அவ்விரண்டாம் இடம் முற்காலத்திற் பெரும்பாலும் வீட்டுச் சிறுபிள்ளைக்கே வாய்த்தது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமும் அப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்தன. எனினும் பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாமென 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் இடந்தந்தது. அவ்வாயில் சிறிதன்று. வரிசையில் ஓரிடம் வெறுமையாய்க் காணப்படின் ஜெபிப்பவர் அதனைக் காணல் வேண்டும். மாலையில் அவ்வீட்டு வாயிலுக்குச் செல்லவும் வேண்டும். கூடாரம் செய்து பிழைத்த பவுல் அப்போஸ்தலனைப் போற்றுகின்ற நாம், தறியினருகே சென்று பேச நாணுவானேன்?

அன்றன்றைக்குரிய உணவையும் ஆண்டவர் கேட்கச் சொன்னார். பழைய மொழிபெயர்ப்பில் அது அப்பம். நம் பக்கத்துப் பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ் என்றாலும் பொருள் கெடாது. 1956-இல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவும், 1982-இல் வந்த சத்துணவும், 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் 2024 ஜூலையில் ஊர்ப்புறத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் தொடங்கிய காலை உணவும் இவ்வேண்டுதலுக்கு நாடு அளித்த விடைகளே. அரசாங்கத்தின் வழியாய் வந்தது என்பதற்காக அதனை வேறொன்றாகக் கருதவேண்டா. அடுப்பெரிப்போரின் பெயரையும் ஜெபத்திற் சேர்த்துக்கொள்ளலாம்.

கீழ்வரும் ஜெபத்தைக் காலைக் கூட்டத்தில் ஒருவர் சொல்ல, விரும்புவோர் உடன் சொல்லலாம். ஏனையோர் தத்தம் முறையில் அமைதியாயிருக்கலாம்.

பரம பிதாவே, இந்த நாளைத் தந்தமைக்காக உம்மைத் துதிக்கிறோம். எங்களில் உம்மை வேறு பெயரால் அழைப்போரும், அழைக்க மனமற்றோரும் உளர். அவர்களையும் எங்கள் என்னுஞ் சொல்லுக்குள் வைத்துக் கேட்கிறோம். இரவெல்லாம் தறியிலிருந்த எங்கள் பெற்றோருக்கு இளைப்பாறுதலையும், நெய்ததற்கு நேரிய கூலியையும் அருளும். எங்கள் உபாத்தியாயர்களுக்குப் பொறுமை தாரும். எங்களுக்குச் சமைக்கின்ற கைகளை ஆசீர்வதியும். நேற்று எங்களுக்குள் நேர்ந்த சண்டையை மணியடிக்குமுன் தீர்த்துக்கொள்ளத் துணிவு தாரும். இன்று வாராத பிள்ளையை நீர் அறிவீர். நாளை அவனை இவ்வரிசையில் எங்கள் பக்கத்தில் நிற்கச் செய்யும். ஆமென்.