ஒரே ஹெடரை எத்தனை முறை படிப்பது?

கேள்வி: சி, சி++ நிரல்களை அலசிப் பிழைகளைச் சொல்லும் கருவி ஒன்றை, கிளாங் நூலகத்தை வைத்து எழுதிவருகிறோம். ஃபைல்கள் சிறியவைதான். ஆனால் ஹெடர்களைப் படிப்பதிலேயே பெரும்பகுதி நேரம் போய்விடுகிறது. எல்லா ஹெடர்களிலும் இன்க்ளூட் கார்டு போட்டும் பலனில்லை. என்ன செய்யலாம்?

– வாசகர், மேட்டுப்பாளையம், புதுச்சேரி

பதில்: இன்க்ளூட் கார்டு தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அதன் எல்லை ஒரு சோர்ஸ் ஃபைலோடு முடிந்துவிடும். அதே ஃபைலுக்குள் ஒரு ஹெடர் இரண்டாம் முறை வந்தால் தடுக்கும். அடுத்த ஃபைலுக்குப் போனதும் எல்லாம் முதலிலிருந்துதான். 'ஐஓஸ்ட்ரீம்' என்ற ஒன்றைச் சேர்த்தாலே பல்லாயிரம் வரிகள் உள்ளே வந்துவிடுகின்றன. நூறு ஃபைல்கள் அதைச் சேர்த்தால், அத்தனை வரிகளையும் நூறு முறை படிக்க வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள். 2019இல் வந்த கிளாங் 9 முதல் 'டைம் டிரேஸ்' வசதி இருக்கிறது. எந்த ஹெடர் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று அது காட்டிவிடும்.

எல்லா ஃபைல்களும் பொதுவாகச் சேர்க்கும், அடிக்கடி மாறாத ஹெடர்களை ஒன்றாகத் திரட்டி ப்ரீகம்பைல்டு ஹெடராக ஒருமுறை சேமித்துக்கொள்ளுங்கள். அதைப் பயன்படுத்தும் ஃபைல்களின் மொழித் தரமும் கம்பைலர் தேர்வுகளும் ஒத்துப்போக வேண்டும்.

நீங்களே கேஷ் எழுதுவதானால் கவனம் தேவை. ஹெடரின் பெயரை மட்டும் சாவியாக வைக்காதீர்கள். ஒரு ஸ்ட்ரக்சருக்குள் 'டீபக்' மேக்ரோ இருந்தால் மட்டும் கூடுதலாக ஒரு உறுப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேக்ரோ இல்லாத ஃபைலிலிருந்து சேமித்ததை, மேக்ரோ உள்ள ஃபைலுக்குக் கொடுத்தால் ஸ்ட்ரக்சரின் அளவே தப்பாகிவிடும். கருவி சொல்லும் பிழைப் பட்டியலும் பொய்யாகும். ஆகவே ஹெடரின் உள்ளடக்கம், அது சேர்க்கும் பிற ஹெடர்கள், அது பார்க்கும் மேக்ரோக்களின் மதிப்பு, கம்பைலர் தேர்வுகள் நான்கும் சேர்ந்ததே சாவி.

ஃபங்ஷன்களின் உடலைப் படிக்காமல் தாண்டிப்போகும் வசதியும் கிளாங்கில் உண்டு. பெயர்களைப் பட்டியலிட அது போதும். பிழை தேடும் கருவிக்கு அப்படியல்ல; இன்லைன் ஃபங்ஷனுக்குள் இருக்கும் கோளாறு கண்ணில் படாமலே போய்விடும். சிஸ்டம் ஹெடர்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையற்ற ஹெடர்களைக் களைவதுதான் நிலையான தீர்வு. லினக்ஸ் கெர்னலில் அதன் நிரலாளர்களில் ஒருவரான இங்கோ மோல்னார் 2022 ஜனவரியில் முன்வைத்த மாற்றங்கள் 2,200க்கும் மேல். ஹெடர்களின் பின்னலை அவிழ்த்ததால் கெர்னலைக் கட்டும் வேகம் 50 முதல் 80 சதவீதம் வரை கூடுவதாக அவர் அறிவித்தார். அது பெரிய உழைப்பு. ஆனால் உங்கள் கருவியோடு கம்பைலரும் வேகமாகும்.

ப்ரீகம்பைல்டு ஹெடரில் தொடங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பழைய பிழைப் பட்டியலையும் புதியதையும் ஒப்பிடுங்கள். ஒரு வரி மாறினாலும் காரணம் தெரியும்வரை அந்த வேகத்தை ஏற்காதீர்கள்.