நடையின் வேகமும் மூட்டுகளின் வேலையும்

நெசவாளர் சங்கமொன்றுக்கு ஆய்வின்பொருட்டுச் சென்றிருந்தபோது, நெய்த சேலைகளை மூட்டையாகச் சுமந்து வந்த மூத்த அங்கத்தினர் ஒருவருடன் நாமும் நடந்து வந்தோம். அவருக்காக நடையைத் தளர்த்தினோம். இரண்டு தெருக்கள் தாண்டுவதற்குள் நமக்கே கால் அலுத்துவிட்டது. மெதுவாக நடந்தால் உழைப்புக் குறையும் என்றன்றோ எண்ணுகிறோம்? உண்மை அவ்வாறன்று.

மனிதனுடைய கால், ஊசற்குண்டைப் போலத் தன் இயல்பிலேயே வீசி வருவது. மணிக்கு ஏறத்தாழ 4½ முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வீச்சு நன்கு பயன்படுகிறது. குறித்த தூரத்தைக் கடக்க ஆகும் சக்தியும் அப்பொழுதே மிகக் குறைவு. அதனினும் விரைந்தாலும் செலவு கூடும். மிகத் தளர்ந்தாலும் கூடும்.

இனி மூட்டுகளைக் காண்போம். இயல்பான நடையில் ஒரு கால் தரையில் ஊன்றியிருப்பது 100-ல் சுமார் 60 பங்கு நேரம். வீசப்படுவது 40 பங்கு. இரு கால்களும் ஒருங்கே ஊன்றியிருப்பது சுமார் ஐந்தில் ஒரு பங்கு நேரம். நடை தளர்ந்தால் இது நீளும், விரைந்தால் சுருங்கும், ஓட்டத்தில் அறவே இல்லை. குதிகால் தரையைத் தொட்டவுடன் முழங்கால் 15 முதல் 20 பாகை வரை மடிந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. வேகம் கூடக் கூட இம்மடிப்பும், இடுப்பு மூட்டின் முன்பின் வீச்சும் பெருகுகின்றன. மிக மெதுவான நடையிலோ முழங்கால் ஏறக்குறைய நீட்டியபடியே இருந்துவிடுகிறது.

முழங்கால் நோவுடையோர் நடையைத் தளர்த்தும்போது அம்மூட்டின்மேல் விழும் பளு குறைகிறது. அத்தகையோரைச் சோம்பேறி என்பது (நாமும் சொன்னதுண்டு) பெருந்தவறு. முதுமையில் கெண்டைக்காற் சதையின் உந்துவலிமை குறைய, அவ்வேலையின் ஒரு பகுதியை இடுப்பு ஏற்றுக்கொள்கிறது.

முதியோரின் நடைவேகம் விநாடிக்கு 0.8 மீட்டருக்குக் குறைந்தால் தசைவலிமையைச் சோதிக்க வேண்டும் என்பர் மருத்துவர். இதனை அறியச் சங்கத்து மீட்டர் கோலே போதும். 10 மீட்டர் அளந்து, முன்னும் பின்னும் சில அடிகள் கூடுதலாக விட்டு, வழக்கமான நடையில் கடக்கும் நேரத்தைக் கணக்கிடுக. 12½ விநாடிக்கு மேற்பட்டால் கவனிக்கத்தக்கது.

நம் மூத்த அங்கத்தினர் மூட்டையுடன் 15 விநாடியில் கடந்தார். மூட்டையை இறக்கிவிட்டு மறுமுறை நடக்கச் சொன்னோம்; 12 ஆயிற்று. முதியோரிடம் சேலைகளை வீட்டிலேயே பெற்றுக்கொள்ள இயலுமா என்று சங்கத் தலைவரைக் கேட்டுள்ளோம். முழங்காலை மருத்துவரிடம் காட்டுமாறு பெரியவரிடமும் சொன்னோம். "தீபாவளி உருப்படி முடியட்டும் ஐயா" என்கிறார்.