ஈரல் நோயும் இராவுணவும்

நம் உடலகத்தே ஈரல் ஒரு களஞ்சியம் போன்றது. உண்ட மாப்பொருள் குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கும்போது, மிகுதியைக் கிளைக்கோசன் என்னும் பொருளாக்கி அது சேமித்து வைக்கிறது. நாம் உறங்கும் வேளையில் அதனைச் சிறிது சிறிதாக விடுவித்து மூளை முதலிய உறுப்புக்களுக்கு ஊட்டுகிறது. இக்களஞ்சியம் பழுதுற்றால் நேர்வது யாது? அதனையே ஈண்டு ஆராய்வோம்.

மதுப்பழக்கம், வைரசுக்களால் உண்டாகும் ஈரலழற்சி, ஈரலிற் கொழுப்புப் படிதல் முதலிய காரணங்களால் ஈரற் கலங்கள் பல்லாண்டுகளாகச் சிதைந்து, வடுப்பட்டு இறுகும் நிலையைச் சிரோசிசு என்பர். இத்தகைய ஈரல் கிளைக்கோசனைப் போதிய அளவிற் சேமிக்க மாட்டாது. ஆதலால், நலமுடையார் இரண்டு மூன்று நாட் பட்டினியில் அடையும் நிலையை இந்நோயாளர் ஓரிரவுப் பட்டினியிலேயே அடைகின்றனர். அப்பொழுது உடல் தன் தசையையே சிதைத்து, அதிலுள்ள அமினோவமிலங்களிலிருந்து குளுக்கோசை ஆக்கிக் கொள்கிறது.

தசை தேய்தல் மெலிவு மாத்திரமன்று. அமோனியா என்னும் நச்சுப் பொருளை யூரியாவாக மாற்றுவது ஈரலின் தொழில். ஈரல் தளர்ந்தவிடத்து அந்நச்சின் ஒரு பகுதியை ஏற்றுத் துணைபுரிவது தசையே. அத்துணையும் குன்றினால் நச்சு மூளையைத் தாக்கி அறிவு மயக்கம் விளைக்கும். கிருமித் தொற்றைத் தாங்கும் வலிமையும் குறையும். தசை தேய்ந்த நோயாளர் ஏனையோரிலும் விரைவில் இறக்கின்றனர் என்பது ஆராய்ச்சிகளாற் புலனாகியுள்ளது. 1964இல் சைல்ட், டர்க்கொட் என்னும் அறிஞர் இருவர், இந்நோயாளர் அறுவைச் சிகிச்சையைத் தாங்குவரோ என மதிப்பிட வகுத்த ஐந்து அளவைகளுள் ஊட்டநிலையும் ஒன்றாயிருந்தமை கருதத்தக்கது.

புரதத்திலிருந்து அமோனியா பிறப்பதால், மயக்கமுற்றோர்க்குப் புரதத்தை விலக்குதல் நெடுங்கால வழக்காயிருந்தது. 2004இல் பார்சிலோனா மருத்துவர் முப்பது நோயாளரிடம் இதனைச் சோதித்தனர். புரதத்தைக் குறைத்தலால் மயக்கம் விரைவில் தெளியவில்லை. குறைத்தோரிடத்து உடற்புரதமே மிகுதியாகச் சிதைந்தது. 2008இல் வெளியான நியூசிலாந்து ஆராய்ச்சியொன்றில் 103 நோயாளருக்கு நாடோறும் 710 கலோரி கொண்ட துணையுணவு ஓராண்டு வழங்கப்பட்டது. இரவில் உண்டோரின் உடற்புரதம் பெருகிற்று. அதே உணவைப் பகலில் உண்டோரிடம் அப்பயன் காணப்படவில்லை. உணவின் அளவோடு அதனை உண்ணும் வேளையும் முதன்மையானது என்பதை இது தெளிவாக்குகிறது.

2019இல் ஐரோப்பிய ஈரல் ஆய்வுச் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, உடலெடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும், 35 கலோரிக்குக் குறையாத உணவும் நாடோறும் வேண்டுமென்கிறது. அறுபது கிலோகிராம் எடையுள்ளவர்க்கு 72 முதல் 90 கிராம் புரதமும் 2,100 கலோரியும் ஆகும். வயிற்றில் நீர் கட்டியிருப்பின் அந்நீரின் எடையைக் கழித்தே கணக்கிடல் வேண்டும்.

நம்மவரிடையே பத்தியம் என்ற பெயரால் மீன், முட்டை, பருப்பு, தயிர் அனைத்தையும் விலக்கி வெறுங் கஞ்சியே கொடுப்போர் உளர். அன்பினாற் செய்யும் அச்செயல் இந்நோயில் ஊறாய் முடியும். விரதத்தின்பொருட்டு நெடும்பொழுது உண்ணாதிருத்தலும் இவர்க்கு ஆகாது. சிறுகச் சிறுகப் பலமுறை உண்ணல், உறங்குமுன் ஒரு சிற்றுணவு, விழித்தவுடன் காலையுணவு என்பனவே தக்க முறை. உப்பின் அளவை மருத்துவரே வரையறுத்தல் வேண்டும்.

உணவு வடுப்பட்ட ஈரலைப் புதுப்பியாது. ஆயினும் எஞ்சிய வலிமையைக் காக்கும். நம் இல்லத்தில் இந்நோயாளர் ஒருவர் இருப்பின், அவர் வெறுவயிற்றோடு உறங்கச் செல்லாதவாறு பார்த்துக்கொள்வது நம் கடனாகும்.