படுக்கை எத்திசையில்?

பக்கவாதத்திற்குப் பின் வீடு திரும்புவோரின் குடும்பத்தினர் எங்களிடம் தவறாது கேட்பது, கட்டிலில் தலை எத்திசையில் இருக்க வேண்டும் என்பதே. வாஸ்துவோடு இப்போது சீனத்து ஃபெங் சுய்யும் சேர்ந்துகொண்டது. ‘காற்று, நீர்’ என்பது அச்சொல்லின் பொருள். படுத்திருப்பவர் வாயிலைக் காண வேண்டும், ஆயினும் கட்டில் வாயிலுக்கு நேரெதிரே இருத்தல் கூடாது என்பது அம்மரபு. வருவோரைக் காண்பது நோயாளிக்கு ஆறுதல். இதில் எங்களுக்கு மறுப்பில்லை.

திசையைக் காட்டிலும் நாங்கள் கவலைகொள்வது பக்கத்தைப் பற்றியே. இடப்புறம் வலுவிழந்தவர் பெரும்பாலும் வலப்புறமாக இறங்க வேண்டியவர். தலையைத் தெற்கே வைப்பதற்காகக் கட்டிலைத் திருப்பி, வலப்புறத்தைச் சுவரோடு ஒட்டிவிட்டால், வலுவற்ற காலை ஊன்றியே அவர் எழ நேரிடும். இரவில் கழிவறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிய இது ஒன்றே போதும். கட்டிலில் அமர்ந்தால் பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். கழிவறை செல்லும் வழியில் விரிப்புகள் வேண்டா. சிறு விளக்கொன்று இரவு முழுதும் எரியட்டும்.

சன்னலைப் பற்றியும் ஒரு சொல். 1984இல் ராஜர் உல்ரிச் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பின் சன்னல்வழி மரங்களைக் கண்டோர், செங்கற்சுவரைக் கண்டோரைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 46 பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான். எனினும் அலமாரியால் சன்னலை அடைக்குமுன் எண்ணிப் பார்க்கலாம்.

திசையை விட மனமில்லையெனில், கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி இருபுறமும் இடம் விடுங்கள். அறை சிறிதாயின், அதன் வரைபடத்தை எங்கள் இயன்முறை மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்.