சபைக்கு வரும் மானியமும் நமது ஒழுங்கையும்

வயலை விட்டுவந்து நகரத்தின் ஓரத்தில் குடியேறிய நம்மில் பலருக்கு மாநகர சபை என்பது பழக்கமில்லாத இடம். ஊரில் இருந்தபோது நாம் அறிந்தவை வட்டவிதானையும் கமநல சேவை நிலையமும்தான். போகம் தொடங்குமுன் வாய்க்கால் துப்பரவுக்கென ஏக்கருக்கு இவ்வளவு என்று காசு சேர்ப்பார்கள். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை, எந்த மதகுக்குச் செலவானது என்பதெல்லாம் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். கணக்குப் பிழைத்தால் அங்கேயே சண்டை வரும். நகரத்தில் அப்படியொரு கூட்டத்தை நாம் காண்பதில்லை. காசு வந்தது என்று கேள்விப்படுகிறோம், பிறகு போய்விட்டது என்று கேள்விப்படுகிறோம்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அப்படியொரு சம்பவமே. மாரி மழையில் முழங்கால் அளவு நீர் நிற்கும் ஓர் ஒழுங்கைக்கு வடிகான் கட்டக் காசு வந்திருப்பதாக ஓராண்டு நடுவில் சொன்னார்கள். அளந்தார்கள், கட்டை நட்டார்கள். அடுத்த ஜனவரியில் ஓர் அலுவலகத்தில் விசாரிக்கப் போனபோது, "தங்கச்சி, அது போன வருசத்துக் காசு. திரும்பிப் போயிற்று" என்றார் உத்தியோகத்தர். எங்களுடன் வந்திருந்த தாய் ஒருவர், "போன வருசமும் நாங்க இஞ்சதானே இருந்த, சேர்?" என்று கேட்டார். அதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் காசு ஏன் திரும்பிப் போனது, திரும்பாமல் இருக்க யார் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை நாம் படிப்படியாகப் பார்ப்போம்.

காசு வரும் வழிகள்

கல்முனை 2001ஆம் ஆண்டு மாநகர சபையாகத் தரமுயர்த்தப்பட்டது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்கள் அதன் எல்லைக்குள் அடங்கின. 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டப்படி சபைக்கு வரும் பணம் சபையின் நிதியத்தில் சேர வேண்டும். சோலைவரி, சந்தை வாடகை, வியாபார உரிமக் கட்டணம் ஆகியவை சபை தானே அறவிடுபவை. காணி கைமாறும்போது செலுத்தும் முத்திரைக் கட்டணமும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபையின் ஊடாக வருகின்றன. ஊழியர் சம்பளத்தில் பெரும் பங்கும் அவ்வழியே வருகிறது. இவற்றுக்கு மேலதிகமாக, குறித்த ஒரு வேலைக்கென அரசிடமிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ கிடைப்பதையே பொதுவாக மானியம் என்கிறோம்.

இதில் நமக்கு நேரடியாகப் படும் ஒரு விடயம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் உருவான நிதி ஆணைக்குழு, மாகாணங்களுக்குப் பணம் பகிர்வது பற்றிச் சிபாரிசு செய்யும்போது சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் தேவை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பம் பழைய ஊரின் பதிவிலும் இல்லாமல் புதிய ஊரின் பதிவிலும் ஏறாமல் இருந்தால் அந்தக் கணக்கில் அது எங்குமே இல்லை. 2012க்குப் பிறகு குடிசன மதிப்பீடு 2024இல்தான் வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் குடிபெயர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பாருங்கள். கிராம உத்தியோகத்தரிடம் பதிவது வாக்குக்காகவும் நிவாரணத்துக்காகவும் மட்டும் என்று நினைக்கக் கூடாது.

விதைநெல்லும் சோற்றரிசியும்

சபையின் சொந்த வருமானம் சோற்றரிசி போன்றது. சட்டத்துக்குள் நின்று எந்தத் தேவைக்கும் எடுக்கலாம். மானியம் விதைநெல். இன்ன வட்டைக்கு, இன்ன போகத்துக்கு என்று தந்தது. வீட்டில் பசி என்பதற்காகக் குத்திச் சமைத்தால் விதைப்புக்கு ஒன்றுமிராது, தந்தவரும் அடுத்த முறை தரமாட்டார். ஆகவே ஒவ்வொரு மானியத்துக்கும் கணக்குப் புத்தகத்தில் தனிப் பக்கம் வேண்டும். எரிபொருளுக்குக் காசில்லை, சம்பளம் பிந்துகிறது என்று வடிகான் காசிலிருந்து கைமாற்று எடுப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. திருடும் எண்ணம் இல்லாத நல்ல உத்தியோகத்தர்களும் இவ்விடத்தில் சறுக்குகிறார்கள்.

விதைநெல்லுக்குப் பருவம் உண்டு. மாகாணத்தின் ஊடாக வரும் வருடாந்த ஒதுக்கீடு அவ்வாண்டுக்குரியது. டிசம்பர் 31க்குள் வேலையை முடித்துப் பட்டியல் கொடுக்காவிட்டால் பெரும்பாலும் கைவிட்டுப் போகும். வெளிநாட்டு உதவித் திட்டத்துக்குத் திட்டம் முடியும் நாள் என்று ஒன்று இருக்கும். காசு கைக்கு வந்தபின் மதிப்பீடு தயாரித்து, கேள்விப்பத்திரம் கோரி, காணிச் சிக்கலைத் தீர்க்கத் தொடங்கினால் மாரி வந்துவிடும். நமது கரையில் அது இன்னும் சிக்கல். கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வட்டை, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். வடிகானின் நீரை எங்கு விடுவது என்பதே முதல் கேள்வி. வயல் காணியை நிரப்ப வேண்டுமானால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி பெறவேண்டும். இவையெல்லாம் மானியம் கேட்குமுன்னரே முடிந்திருக்க வேண்டிய வேலைகள். நம் ஒழுங்கையின் காசு திரும்பியதும் இப்படியான தாமதத்தால்தான் என்று பின்னர் தெரிந்தது. நீர் வெளியேறும் வழிக்குக் காணி உடன்பாடு நவம்பரில்தான் கிடைத்ததாம்.

யாருக்குப் போய்ச்சேரும் என்பதை முன்கூட்டியே தீர்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அக்கரைப்பற்று நுரைச்சோலை ஒரு வேதனையான பாடம். 2004 டிசம்பர் 26 கடற்கோளில் நாட்டிலேயே மிகக் கூடுதலாக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். வீடிழந்தோருக்காகச் சவூதி அரேபியாவின் நன்கொடையில் நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு எந்த அடிப்படையில் பகிர்வது என்பது வழக்காகி உயர் நீதிமன்றம் வரை சென்றது. பணம் இருந்தது, வீடும் எழுந்தது. ஆனால் கதவுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடக்க, உரியவர்கள் வாடகை வீட்டிலும் உறவினர் திண்ணையிலும் காலம் கழித்தார்கள். இது சபை நடத்திய திட்டமல்ல. என்றாலும் எந்த மானியத்துக்கும் காணியும் பயனாளிப் பட்டியலும் கல் வைக்குமுன் எல்லோரும் ஏற்ற ஒழுங்கில் இருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறொன்றும் காட்டாது.

2019இல் உலக வங்கி வடக்கு, கிழக்கு, வடமத்திய, ஊவா மாகாணங்களின் உள்ளூராட்சி சபைகளுக்கான திட்டமொன்றுக்கு 7 கோடி அமெரிக்க டொலர் வழங்கச் சம்மதித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அதில் சேர்ந்தது. சபைக்கு அது மானியமாக வந்தாலும், உலக வங்கியின் பங்கு நாட்டுக்குக் கடன். நாமும் நம் பிள்ளைகளும் கட்டப்போகும் கடன். கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் சபைக்கு மேலதிகத் தொகை என்ற முறையும் அதில் இருந்தது. கணக்குப் பிந்தும் சபையின் மக்களுக்குத்தான் அதில் இழப்பு.

ஒரு கணக்குப் பார்ப்போம்

கற்பனையாக, ஒரு வடிகான் ஒப்பந்தம் 40 இலட்சம் ரூபா என்று வைப்போம். ஒப்பந்தகாரருக்கு 20 வீத முற்பணம், அதாவது 8 இலட்சம் கொடுக்கப்படுகிறது. பாதி வேலை முடிந்து 20 இலட்சத்துக்கு முதற் பட்டியல் வருகிறது. அதிலிருந்து முற்பணத்தின் பாதியான 4 இலட்சம் கழிக்கப்படும். வேலையில் பிழை வந்தால் திருத்துவதற்காக 10 வீதம், 2 இலட்சம், பிடித்து வைக்கப்படும். கைக்குப் போவது 14 இலட்சம். மொத்தமாக அவர் பெற்றது 22 இலட்சம். வேலையோ 20 இலட்சத்துக்குத்தான் நடந்திருக்கிறது.

இதைப் பார்த்ததும் "2 இலட்சம் எங்கே?" என்று கூச்சல் போடுவோம். ஆனால் களவு இல்லை. கழிக்க இன்னும் 4 இலட்சம் முற்பணம் மிச்சம், சபை பிடித்து வைத்தது 2 இலட்சம், ஆகவே 2 இலட்சம் முன்னே நிற்கிறது. கேட்க வேண்டியது வேறு: அந்த 20 இலட்சத்து வேலையை அளந்தவர் யார்? கொங்கிறீட்டின் தடிப்பு மதிப்பீட்டில் உள்ளபடி இருக்கிறதா? பிடித்து வைத்த பணத்தை விடுவிக்குமுன் ஒரு மாரி கடந்ததா? வரம்பு கட்டி வாய்க்கால் வெட்டிய நமக்கு நீர் ஓடும் சரிவு கண்ணுக்கே தெரியும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மட்டம் பிடிக்கும்போது பக்கத்தில் நிற்பது நமது வேலை.

சிறிய வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற பதிவுபெற்ற மக்கள் அமைப்புகளுக்கு நேரடியாகக் கொடுக்கவும் அரச பெறுகை விதிகளில் இடமுண்டு. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூராட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. பல வேலைகளைப் பயனாளிகள் குழுக்களே செய்தன. வேலையிழந்த விவசாயக் கைகள் நிறைந்த நமது குடியிருப்புகளுக்கு அது கூலியாகவும் கிடைக்கும். ஆனால் சங்கத்தின் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும். மூன்று வருடமாகப் பொதுக்கூட்டம் கூட்டாத சங்கம் சபையைக் குறை சொல்லப் போவது அழகல்ல.

கட்டியபின் என்ன

மானியம் கட்டித் தரும், பராமரிக்காது. குப்பை அள்ளும் வண்டி நன்கொடையாக வரலாம். டீசலும் சாரதியின் சம்பளமும் மீண்டுவரும் செலவு, அது சோலைவரியிலிருந்துதான் வர வேண்டும். அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டில் 2008 முதல் சுற்றுவட்டார ஊர்களின் குப்பை கொட்டப்படுகிறது. இடத்தைச் சுற்றியிருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது, திருத்தப்படவில்லை. யானைகள் உள்ளே வந்து பிளாஸ்டிக்கோடு குப்பையைத் தின்னத் தொடங்கின. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அவ்வாறு இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வெளியானது. குப்பையை நாடி வரும் யானை அயல் ஊர்களையும் பழகிக்கொள்கிறது. ஒரு வேலியின் பராமரிப்புக் காசு வரவு செலவுத் திட்டத்தில் இல்லாமற் போனதன் விலையைக் கட்டுபவர்களில் விவசாயியும் ஒருவர். எனவே புதிய மானியம் பற்றிக் கேள்விப்பட்டால் எவ்வளவு என்று கேட்பதோடு, அடுத்த வருடம் இதை நடத்தும் காசு எந்தத் தலைப்பில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கேட்கும் வழி

சபையின் வரைவு வரவு செலவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பரிசோதிக்கிறார். உறுப்பினர் இருந்தால் உறுப்பினரிடம் கேட்கலாம். கல்முனையில் தெரிவுசெய்யப்பட்ட சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6இல் மற்றச் சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோதும் வழக்கொன்றின் காரணமாக இங்கு நடக்கவில்லை. உறுப்பினர் இல்லாத காலத்தில் சபையின் அதிகாரம் ஆணையாளரிடம் இருக்கும். கேள்வி கேட்கும் உறுப்பினர் இல்லையென்றால், கேட்கும் பொறுப்பு நம்மேல் இன்னும் கூடுகிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இதற்குப் பெருந்துணை. எந்தப் பிரசையும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதன்பின் ஆணைக்குழுவுக்குப் போகலாம். கையளித்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்க மறக்க வேண்டாம். கடிதத்தைக் கீழ்க்கண்டவாறு எழுதலாம். பெயர்களையும் ஆண்டையும் உங்கள் இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"தகவல் உத்தியோகத்தர் அவர்கட்கு. எமது ஒழுங்கையின் வடிகான் வேலைக்கு இவ்வாண்டு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, எங்கிருந்து கிடைத்தது? மதிப்பீட்டின் பிரதி ஒன்று தேவை. ஒப்பந்தம் பெற்றவர் யார், தொடங்கிய திகதி, முடிக்க வேண்டிய திகதி என்ன? இதுவரை கொடுக்கப்பட்டது எவ்வளவு, பிடித்து வைக்கப்பட்டது எவ்வளவு? செலவாகாத பணம் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் அனுப்பிய திகதியும் காரணமும் தரவும். அடுத்த ஆண்டு இவ்வடிகானைத் துப்பரவாக்க ஒதுக்கிய தொகை எவ்வளவு? தமிழில் தரவும்."