டர்போவுக்குள் எங்கே தேய்க்கலாம், எங்கே கூடாது

புளியரை எஸ் வளைவில் லோடு வண்டி ஏறுகிற சத்தத்தைக் கேட்டாலே அதன் டர்போ எந்த நிலையில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். சங்கரன்கோவிலில் லோடு ஏற்றிக் கேரளா போகிற வண்டி புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வரை பெரிய ஏற்றம் இல்லாமல் ஓடிவிடும். குறை எதுவும் வெளியே தெரியாது. புளியரை தாண்டி மலை தொடங்கியதும் இழுவை போய், கரும்புகை கக்கி, ரெண்டாவது கியருக்கு இறங்கி, பின்னால் வரிசைகட்டி நிற்கிற பஸ்களின் ஆரன் சத்தத்தில் டிரைவர் வேர்த்துப் போவார். ஊர் திரும்பியதும் நேரே பட்டறைக்கு வருவார். "அண்ணாச்சி, டர்போவை உள்ளே தேய்ச்சு வழவழன்னு ஆக்கினா காத்து நல்லா போகுமாமே, செஞ்சு குடுங்க."

தேய்க்கலாம். பலனும் உண்டு. ஆனால் எந்த இடத்தைத் தேய்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது பலனா நஷ்டமா என்பது. இதை நான் ஒரு ஹவுசிங்கைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அது 2012 மாடல் லேலண்ட், ஆறு சிலிண்டர் வண்டி. டர்போவைக் கழற்றினேன். காற்றுப் பக்கத்து அலுமினியக் கூடு வார்ப்புச் சொரசொரப்போடு இருந்தது. நுழைவாயில் தொடங்கி, சக்கரம் ஓடுகிற வளைவு வரைக்கும் உப்புத்தாள் போட்டு, முகம் தெரிகிற மாதிரி ஆக்கிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. வண்டி மலைக்குப் போனால் முன்பைவிட அதிகப் புகை. காரணம் புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. சக்கரத்தின் இறக்கை நுனிக்கும் அந்த வளைவுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைத் தேய்த்து அகலப்படுத்தினால், அமுக்கிய காற்று அந்தச் சந்து வழியாகவே பின்னால் திரும்பிவிடும். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் எஞ்சினுக்குப் போகிற அழுத்தம் குறையும். புது ஹவுசிங் என் கைக்காசில் வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து, சக்கரம் ஓடுகிற வளைவை நான் துணியால் துடைப்பதோடு சரி. புகைப் பக்கத்து வளைவுக்கும் இதே விதிதான்.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இன்றும் மாறவில்லை. வீணாய்ப் போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கிற சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். ஏற்றத்தில் அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு லட்சம் சுற்று வரை போகும். அந்த வேகத்தில் வருகிற காற்றுக்கு லேசான சொரசொரப்பு பெரிய தடையே இல்லை. படிக்கட்டு மாதிரி துருத்தி நிற்கிற விளிம்புதான் தடை. வாய்க்காலில் தண்ணீர் பாயும்போது கரையில் கிடக்கிற மணலா அதை நிறுத்துகிறது? குறுக்கே ஒரு கல் கிடந்தால்தான் சுழித்துக்கொண்டு நிற்கும்.

அதனால் நான் முதலில் பார்க்கிற இடம், மேனிஃபோல்டும் டர்போவும் சேர்கிற முகம். பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் கோளாறு பார்த்திருக்கிறேன். மேனிஃபோல்டு ஓட்டை ஒரு பக்கம், கேஸ்கெட் ஓட்டை ஒரு பக்கம், டர்போ வாய் ஒரு பக்கம் என்று மூன்றும் மூன்று விதமாக நிற்கும். கேஸ்கெட்டின் ஓரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். மார்க்கிங் நீலத்தை முகத்தில் தடவி, புது கேஸ்கெட்டை போல்ட் ஓட்டையில் சரியாக உட்காரவைத்து, ஊசிமுனையால் ஓட்டையின் உருவத்தைக் கீறிக்கொள்ளுங்கள். கோட்டுக்கு வெளியே ஒரு பொட்டுகூடத் தேய்க்கக் கூடாது. புகை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து ஓட்டை சிறியதாகவும், போகிற பக்கத்து ஓட்டை ஒரு மயிரிழை பெரியதாகவும் இருந்தால் போதும். தலைகீழாக இருந்தால் புகை நேரே சுவரில் முட்டும்.

ஆறு சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் டர்போ வாய் இரண்டாகப் பிரிந்திருக்கும். முதல் மூன்று சிலிண்டரின் புகை ஒரு வழி, அடுத்த மூன்றின் புகை ஒரு வழி. நடுவே இருக்கிற சுவரைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். மெலிதாக்கினால் வழி அகலுமே என்று தோன்றும். வேண்டாம். ஏற்றத்தில் புகையின் சூடு 600 டிகிரியைத் தாண்டும். மெலிந்த சுவர் வெடிப்பு விட்டு, ஒரு துண்டு உடைந்து சக்கரத்தில் விழுந்தால் மொத்த டர்போவும் போச்சு. அந்தச் சுவரின் முன்விளிம்பில் வார்ப்புப் பிசிறு இருந்தால் அதை மட்டும் உருட்டிவிடுவேன்.

காற்றுப் பக்கத்தில் ஓஸ் மாட்டுகிற வாய், அமுக்கிய காற்று வெளியேறுகிற வாய், இரண்டிலும் வார்ப்புக் கோடு மேடாக இருந்தால் எடுக்கலாம். அலுமினியம் தேய்க்கும்போது கார்பைடு பர்ரின் பல்லில் உலோகம் அப்பிக்கொள்ளும். அடிக்கடி மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் அப்பாது. கடைசியாக 80 நம்பர் உப்புத்தாள், மிஞ்சினால் 120. அதற்குமேல் பளபளப்பு ஏற்றுவது நேரத்துக்குக் கேடு. புகைப் பக்கத்தில் ஒரு வாரத்தில் கரி படிந்து, நீங்கள் போட்ட பாலீஷ் கண்ணுக்கே தெரியாது. கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம் போடுங்கள். வார்ப்பிரும்புத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

கிரைண்டரைத் தொடுவதற்கு முன்னால், கூடுகள் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருந்தன என்று பஞ்ச் வைத்து அடையாளம் அடித்துவிட்டு, ஷாஃப்ட்டும் பேரிங்கும் இருக்கிற நடுக் கோரைத் தனியே எடுத்து மூடி வையுங்கள். கோர் மாட்டியபடியே தேய்த்த ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தது. தூள் பேரிங்குக்குள் போய் ஷாஃப்ட் ஆட்டம் கண்டு, சக்கரம் கூட்டில் உரசியிருந்தது. சக்கரத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், பேலன்ஸ் போய்விடும். காற்றடித்துச் சக்கரத்தை விர்ரென்று சுற்றவிட்டு வேடிக்கை பார்க்கிற பழக்கம் பையன்களுக்கு உண்டு. எண்ணெய் இல்லாத பேரிங்கில் அந்த அரை நிமிடமே ஆயுளைக் குறைக்கும்.

தேய்த்த கூட்டை டீசலில் ஒரு முறை, சோப்புத்தூள் கலந்த சுடுதண்ணீரில் இரண்டு முறை கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பேன். துணியில் சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடியும் கழுவல். எங்கள் பட்டறை தறி ஓடுகிற தெருவை ஒட்டி இருப்பதால் பஞ்சுத்தூசி எந்நேரமும் பறக்கும். திறந்த வாயைத் துணி திணித்து அடைக்கவே மாட்டேன், பிளாஸ்டிக் மூடிதான். உள்ளே மறந்த துணியைச் சக்கரம் விழுங்கிய கதை ஒவ்வொரு பட்டறையிலும் ஒன்று இருக்கும். மாட்டும்போது எண்ணெய் ஓட்டையில் புது ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டு, ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்து ஆயில் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்கிறேன். பி.எஸ். 6 வண்டியில் நான் இந்த வேலையைச் செய்வதில்லை. அதில் புகை சுத்திகரிப்பும் சென்சார்களும் ஒன்றோடொன்று கட்டுண்டவை.

இவ்வளவும் சொன்னாலும், தேய்க்கக் கேட்டு வருகிற எல்லா வண்டிக்கும் நான் டர்போவைக் கழற்றுவதில்லை. போன ஆடியில் வெங்காய வண்டி ஓட்டுகிற ஒரு தம்பி வந்தான். ஆடிக்காற்றில் கரிசல் மண் பறக்கிற காலம். ஏர் கிளீனர்தான் அடைத்திருக்கும் என்று நினைத்தேன். அதைப் புதிதாகவே போட்டிருந்தான். இன்டர்கூலர் ஓஸ்களில் சோப்புத் தண்ணீர் தெளித்து, காற்றுக் கசிவு பார்த்தேன், இல்லை. ஏர் கிளீனரிலிருந்து டர்போவுக்கு வருகிற ரப்பர் ஓஸைக் கழற்றி, கையை உள்ளே விட்டேன். உள் அடுக்கு பிரிந்து தொளதொளவென்று தொங்கியது. நின்ற வண்டியில் அது சுவரோடு ஒட்டிக்கிடக்கும். டர்போ முழு வேகத்தில் இழுக்கும்போது உள்ளே மடங்கி, பாதி வழியை அடைத்துவிடும்.

"அப்போ தேய்க்க வேண்டாமா அண்ணாச்சி?"

"இந்த ஓஸை மாத்திட்டு ஒரு நடை போய்ட்டு வா. பிறகு பேசுவோம். மேலே ஏறினதும் சட்டுன்னு ஆஃப் பண்ணாதே, ரெண்டு நிமிஷம் ஸ்லோவில் விடு. சூட்டோட நிறுத்தினா பேரிங்கில் ஆயில் கருகிப் போகும்."

அன்று ராத்திரி ஆரியங்காவிலிருந்து போன் செய்தான். மூன்றாவது கியரிலேயே ஏறிவிட்டதாம். பேசிக்கொண்டே எஞ்சினை அணைத்தான். சத்தம் அடங்கிய பிறகும், போனில் மெல்லிய ஊதல் மாதிரி டர்போ சுற்றி ஓய்வது கேட்டது. எங்கும் உரசாமல், ஒரே சீராக.