கைதுக்குப் பின் 48 மணி நேரம்

கேள்வி: தோட்ட லயத்துப் பிள்ளை ஒருவனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் வீட்டார் என்ன செய்யலாம்?
வாசகி, அக்கரப்பத்தனை

பதில்: பிடித்தது யார், வைத்திருப்பது எங்கே என்று அன்றே கேட்டு எழுதி வையுங்கள். 48 மணி நேரத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பிடித்தவர்கள் அறிவிக்க வேண்டும். நீங்களும் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். புரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பிள்ளை கையொப்பமிடக் கூடாது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலே இச்சட்டத்தில் சாட்சியாகிவிடும். 1979இல் தற்காலிகமாக வந்து 1982இல் நிரந்தரமான சட்டம் இது. 2022 திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச காலத்தை 18 மாதத்திலிருந்து 12 ஆக்கியது. ஒப்புதல் விதியை மாற்றவில்லை. பெரிய அநீதி அதுதான். காவலில் பிள்ளையை அடித்திருந்தால், ஒரு மாதத்துக்குள் சட்டத்தரணி மூலம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடுங்கள். பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.